குடும்பத்துக்குப் பழைய நாலு கதவு பிக்கப்: எந்த வருஷத்து வண்டி எடுக்கலாம்?

#1 பாலாறு_பையன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தவன், முதல் தடவையா கேக்கறேன்.

ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கோம். நான், மனைவி, ஏழு வயசுப் பொண்ணு, மூணு வயசுப் பையன். வருஷத்துல ஆறு மாசம் ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்து இருப்பாங்க. ஆக மொத்தம் ஆறு பேர். தினசரி வேலைக்குப் போக கார் தனியா இருக்கு. சனி ஞாயிறு வெளிய போக, கால்வெஸ்டன் கடற்கரைக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை மேற்கு டெக்சஸ்ல இருக்கற பிக் பெண்ட் தேசியப் பூங்கா வரைக்கும் போய்க் கூடாரம் போட்டுத் தங்க ஒரு வண்டி வேணும்.

2006-ல படிக்கறதுக்காக லப்பக் வந்து இறங்கினேன். எங்க சீனியரோட வீட்டு ஓனர் ஒரு பெரியவர், தன்னோட பழைய நாலு கதவு பிக்கப்பை எடுத்துக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார். நாங்க அஞ்சு பசங்க, ஆளுக்கு ரெண்டு பெட்டி, அதுபோக அட்டைப்பெட்டியில பிரஷர் குக்கர். பெட்டியெல்லாம் பின்னால தொட்டியில போச்சு. முன்னாடி மூணு பேர், பின்னாடி மூணு பேர். ஜன்னல் கண்ணாடியைக் கையால சுத்தி இறக்கிட்டு, ரெண்டு பக்கமும் பருத்திக் காடு ஓட ஓட அந்த ஊருக்குள்ள போனோம். அன்னைக்கே மனசுல விழுந்த வண்டி அது. இப்ப சேத்து வெச்ச காசு 18,000 டாலர் இருக்கு.

கண்ணுல இருக்கறது ரெண்டு: 1973-லேர்ந்து 79 வரைக்கும் வந்த ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 நாலு கதவு. இல்லேன்னா அதே காலத்துச் செவர்லே, மூலையெல்லாம் சதுரமா இருக்கறதால "சதுர பாடி"ன்னு சொல்லுவாங்களே அது. எதை எடுக்கலாம்? எதைப் பாத்து எடுக்கணும்?

#2 கொங்கு_டெக்சன்

வாங்க தம்பி. நல்ல ஆசைங்க. நாலு கதவு பிக்கப் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், அது தெரிஞ்சா தேர்ந்தெடுக்கறது சுலபம்.

இந்த நாட்டுல கம்பெனியே கட்டி வித்த முதல் ஆறு பேர் பிக்கப் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோட டிராவலெட், 1957. அதுல கதவு மூணுதான்: டிரைவர் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ரெண்டு. நாலாவது கதவு 1961-லதான் வந்துச்சு. டாட்ஜ் 1963-ல போட்டான், ஃபோர்டு 1965-ல. செவர்லே, ஜிஎம்சிக்காரங்க 1973-ல சதுர பாடி வந்தப்பதான் போட்டாங்க. அதுக்கு "மூணு பிளஸ் மூணு"ன்னே பேருங்க. பின் சீட்டே இல்லாம சாமான் வைக்கற மாதிரி வந்ததுக்கு "போனஸ் கேப்"னு பேரு.

இதெல்லாம் குடும்பத்துக்குன்னு செஞ்சதில்லைங்க. ரயில் பாதை வேலை, மின்கம்ப வேலை, காட்டிலாகா, இந்த மாதிரி ஆளுங்க கூட்டமா ஏறிப் போறதுக்குச் செஞ்சது. அதனால பின் சீட் முதுகு நட்டமா நிக்கும், மெத்தை சன்னம். அரை மணி நேரம் போற ஆளுக்குப் பத்தும். பிக் பெண்டுக்கு 600 மைல் பக்கம் போற குழந்தைக்குப் பத்துமான்னு நீங்கதான் உக்காந்து பாக்கணும்.

அடுத்தது நீளம். சதுர பாடிச் செவர்லேல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 164.5 அங்குலம். 1980-க்கு அப்புறம் வந்த ஃபோர்டுல 168.4. எட்டடித் தொட்டியோட மொத்த வண்டி 20 அடியைத் தாண்டிரும். உங்க கராஜை அளந்துட்டு மேல பேசுங்க.

ஆறு பேர்னு சொன்னீங்க இல்ல, அப்ப முன்னாடி நடு சீட்ல ஒருத்தர் உக்காரணும். தரையில கியர் குச்சி இருக்கற வண்டியை எடுத்தா அவங்க முழங்கால் ரெண்டுக்கும் நடுவுல அந்தக் குச்சி நிக்கும். நாலு சக்கர டிரைவ்னா பக்கத்துலயே இன்னொரு குச்சி. ஸ்டியரிங்லயே கியர் இருக்கற ஆட்டோமேட்டிக் எடுங்க.

#3 கயல்_அம்மா

அண்ணா, எல்லாரும் பாடி, எஞ்சின்னு பேசறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க பாக்கற வண்டிங்கள்ல பின் சீட்டுல என்ன பெல்ட் இருக்கு?

70-கள்ல வந்ததுன்னா இடுப்புப் பெல்ட் மட்டும்தான் இருக்கும். தோள் மேல வர்றது இருக்காது. உங்க மூணு வயசுப் பையனுக்கு அதுவே பரவாயில்ல, ஏன்னா அஞ்சு முனை வார் உள்ள கார் சீட்டை இடுப்புப் பெல்ட்டை வெச்சே இறுக்கிக் கட்டலாம். பிரச்சினை பொண்ணுக்குத்தான். டெக்சஸ் சட்டப்படி எட்டு வயசு ஆகற வரைக்கும், இல்லேன்னா 4 அடி 9 அங்குலம் வளர்ற வரைக்கும் அவளுக்குக் குழந்தை சீட் வேணும். அந்த வயசுல எல்லாரும் போடறது பூஸ்டர், அதாவது வண்டி பெல்ட் சரியா உக்கார்ற மாதிரி குழந்தையை உயர்த்தி வைக்கற திண்டு. பூஸ்டருக்குத் தோள் பெல்ட்டும் சேர்ந்தாதான் அர்த்தம். இடுப்புப் பெல்ட்டை மட்டும் போட்டுப் பூஸ்டர்ல உக்கார வெச்சா, திடீர்னு மோதும்போது மேல் உடம்பு மொத்தமும் முன்னால மடங்கும், பெல்ட் வயித்துக்குள்ள இறங்கும். குடலும் முதுகெலும்பும் அடிபடறது இப்படித்தான்.

இந்த நாட்டுல பின் சீட் ஓரங்கள்ல தோள் பெல்ட் கட்டாயம்னு வந்தது கார்களுக்கு 1989 டிசம்பர்ல. பிக்கப், வேன் மாதிரி வண்டிங்களுக்கு 1991 செப்டம்பர் 1-க்கு அப்புறம் தயாரானதுலேர்ந்து. அதுவும் மொத்த எடை அளவு 10,000 பவுண்டுக்குள்ள இருக்கற வண்டிக்குத்தான். பின்னாடி நாலு சக்கரம் இருக்கற டூவலி சிலது அந்த அளவைத் தாண்டிடும். டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், அதுல அந்த எடையும் தயாரான மாசமும் போட்டிருக்கும். முதல்ல அதைப் படிங்க.

#4 பாலாறு_பையன்

தங்கச்சி, நீங்க சொல்றது சரிதான். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. 1992-க்கு மேலன்னா நான் கனவு கண்ட வண்டியே இல்ல அது. ஊர்ல நாங்க நாலு பேர் அப்பாவோட ஸ்கூட்டர்ல போனவங்கதானே. வாரக் கடைசியில மட்டும் ஓட்டற வண்டி. பாத்து மெதுவா ஓட்டினா போதாதா?

#5 கயல்_அம்மா

நாங்களும் அப்படித்தான் போனோம் அண்ணா. எங்க தெருவுல இருந்து போன எல்லாரும் திரும்பி வரலை.

நீங்க மெதுவா ஓட்டுவீங்க. இன்டர்ஸ்டேட்ல உங்களுக்குப் பின்னாடி வர்றவன் 80-ல வருவான். நான் வேண்டாம்னு சொல்லல. உங்க பொண்ணு 4 அடி 9 வளர்ந்தப்புறம் 1978 எடுங்க, சந்தோஷமா எடுங்க. அதுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம். அதுவரைக்கும் இவ உக்காரக்கூடிய வண்டி எதுன்னு பாப்போம்.

ஆறு பேரை உக்கார வெச்சுப் பாத்தேன். பின்னாடி ஒரு ஓரத்துல பொண்ணு, தோள் பெல்ட்டோட பூஸ்டர்ல. நடுவுல பையன், இடுப்புப் பெல்ட்டால கட்டின கார் சீட்ல. இன்னொரு ஓரத்துல பாட்டி. முன்னாடி நீங்க, நடுவுல அண்ணி, ஜன்னல் பக்கம் தாத்தா. 13 வயசுக்குள்ள இருக்கற யாரும் முன்னாடி வேண்டாம். இப்படி உக்காந்தாதான் கணக்கு சரியா வருது, வேற வழியில்ல. கார் சீட்டை நடுவுல வெச்சா ரெண்டு பக்கமும் இடம் மிஞ்சுதான்னு டேப் வெச்சுப் பாருங்க, அகலமான சீட்டுன்னா பூஸ்டரோட பக்கிள் மாட்டற இடம் மறைஞ்சிடும்.

#6 வெல்டிங்_பட்டறை

டல்லாஸ்ல பட்டறை வெச்சிருக்கேன். "பழைய வண்டியிலேயே தோள் பெல்ட் போட்டுக்கலாமே"ன்னு யாராவது சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடியே எழுதிடறேன்.

போடலாம். ஆனா தகரத்துல ஓட்டை போட்டு போல்ட் மாட்டறது பெல்ட் இல்ல. பெல்ட் மாட்டற இடத்துக்கு இந்த நாட்டுத் தரம் என்னன்னா, மூணு முனை பெல்ட்டுல இடுப்புப் பகுதிக்கு 3,000 பவுண்டு, தோள் பகுதிக்கு 3,000 பவுண்டு, ரெண்டும் ஒரே நேரத்துல இழுத்தாலும் பிடுங்கிக்கிட்டு வரக்கூடாது. கேபின் பின் தூண்ல உள்பக்கம் இருக்கறது சன்னமான ரெண்டு மடிப்புத் தகரம். அதுக்குள்ள கனத்த பிளேட் வெச்சு, சுத்திப் பற்றவெச்சு, நட் உள்ளேயே பிடிக்கணும். அதுக்கு உள் லைனிங் எல்லாம் கழட்டணும். தூண்ல துரு இருந்தா அதை வெட்டிட்டுப் புதுத் தகரம் வெச்சப்புறம்தான் இது. இவ்வளவும் செஞ்சாலும் அதை இழுத்துப் பாத்துச் சோதிக்க என்கிட்ட மெஷின் இல்ல. பெரியவங்களுக்குப் போட்டுக் குடுத்திருக்கேன். குழந்தைக்குன்னு கேட்டு வந்தவங்களை திருப்பி அனுப்பிட்டேன்.

#7 ஸ்கார்பரோ_வாசன்

தம்பி, நான் ஸ்கார்பரோவில இருக்கிறன். ஊரில நாங்கள் இதை டபுள் கேப் எண்டுதான் சொல்லுறது. அங்க மீன் சந்தைக்கும் போகும், கலியாண வீட்டுக்கும் போகும்.

நான் சொல்ல வந்தது துருவைப் பற்றி. இஞ்ச மாரிக்கு றோட்டு முழுக்க உப்புப் போடுவினம். நான் எட்டு வருசத்துக்கு முதல் ஒரு பழைய நாலு கதவு வாங்கினனான். பெயின்ற் கண்ணாடி மாதிரி. வித்தவர் "ஒரு மாரியும் கண்டதில்லை" எண்டு சொன்னவர். நானும் நம்பிக் காசைக் குடுத்திட்டன். ரெண்டாம் மாரி முடியப் பின் கதவுக்குக் கீழ பெயின்ற் கொப்பளிக்கத் துவங்கிச்சு. விரலால அமத்தினன், உள்ள போட்டுது. கேபின் மூலை ரெண்டும் முழுக்கப் பட்டி. அதுக்குள்ள பேப்பர் அடைச்சு வைச்சிருந்தவங்கள். திருத்த வாங்கின விலையில பாதி போனது.

அதால இப்பிடிப் பாருங்கோ. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில சுத்திக் கொண்டு போங்கோ. கதவுக்குக் கீழ நீளத்துக்கு, கேபினின்ர பின் மூலையள், சில்லுக்கு மேல வளைவு, இந்த இடங்களில வைச்சு இழுங்கோ. ஒட்டாத இடமெல்லாம் பட்டி. பிறகு பின் சீற்றுக்கு முன்னால இருக்கிற றப்பர் பாயைத் தூக்குங்கோ. அதுக்குக் கீழ சணல் மாதிரி ஒரு மெத்தை இருக்கும். ஈரமெண்டால் மேலுள்ள கண்ணாடி றப்பராலையோ கதவாலையோ தண்ணி வருகுது. ஸ்குரூ டிறைவரால தரையைக் குத்திப் பாருங்கோ. விக்கிறவர் வேண்டாம் எண்டு சொன்னால் அதுவே உங்களுக்கான பதில்.

டெக்சசிலயோ நியூ மெக்சிக்கோவிலயோ அரிசோனாவிலயோ முழுக்க ஓடின வண்டியாப் பாருங்கோ. கடற்கரைப் பக்கம் நிண்டதை விட மேற்கால நிண்டது நல்லது. வெயிலில டாஷ்போர்ட் வெடிச்சிருக்கும், சீற் கிழிஞ்சிருக்கும். அது மாத்தலாம்.

#8 கொங்கு_டெக்சன்

ஸ்கார்பரோ அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்குங்க. நாலு சக்கர டிரைவ் சதுர பாடியில ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டியிருக்கற இடத்துல சேஸ்ல விரிசல் விடறது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிஞ்ச சங்கதி. டார்ச் அடிச்சுப் பாருங்க, யாராவது பற்றவெச்ச தழும்பு இருக்கும்.

பெட்ரோல் டேங்க் எங்க இருக்குன்னும் பாக்கணுங்க. 1972 வரைக்கும் வந்த பல சாதாரண பிக்கப்கள்ல டேங்க் கேபினுக்குள்ளயே, சீட் முதுகுக்குப் பின்னால. 1973-லேர்ந்து 87 வரைக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் பெரிய பிக்கப்கள்ல டேங்கைச் சேஸ் சட்டத்துக்கு வெளிப்பக்கம், பக்கவாட்டுல தொங்க விட்டாங்க. பக்கத்துலேர்ந்து இன்னொரு வண்டி மோதினா முதல்ல அடிபடறது அதுதான்னு பெரிய வழக்காச்சு. மத்திய அரசு 1992-ல விசாரணை ஆரம்பிச்சு, 1994 அக்டோபர்ல குறைபாடுன்னு முதற்கட்டமா அறிவிச்சு, டிசம்பர்ல ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. கம்பெனி 51 மில்லியன் டாலருக்கு மேல பாதுகாப்புத் திட்டங்களுக்குக் குடுத்துச்சு. வண்டிகளைத் திருப்பிக் கூப்பிடல. இன்னைக்கும் நிறையப் பேர் அந்த வண்டி வெச்சிருக்காங்க, நானும் மதிக்கற வண்டிதான். ஆனா பின் சீட்டுல குழந்தைங்க இருக்கும்னு தெரிஞ்சு கேக்கறீங்க, அதனால சொல்லாம இருக்க முடியல.

டயர் இன்னொண்ணு. அந்தக் காலத்து முக்கால் டன் (எஃப்-250 மாதிரி), ஒரு டன் (எஃப்-350 மாதிரி) வண்டிங்கள்ல 16.5 அங்குல ரிம் வரும். அதுக்கு இப்ப டயர் கிடைக்கறது கஷ்டம். 16 ரிம்முக்கு மாத்தற செலவைக் கணக்குல வைங்க. டயர் பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணைப் படிங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். டயர் மேல இருக்கற பட்டன் புதுசு மாதிரி இருக்கும், வயசு 12 ஆகியிருக்கும்.

#9 மதுரை_மருமகள்

உங்க அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு? இதை யாருமே கேக்கலையே.

எங்க மாமியார் வந்திருந்தப்ப எங்க வீட்டுல உயரமான நாலு சக்கர டிரைவ் பிக்கப் இருந்துச்சு. சேலை கட்டிக்கிட்டு அதுல ஏறணும்னா ஒரு கையால கொசுவத்தைப் பிடிக்கணும், ஒரு கையால கைப்பிடி. மூணாவது கைக்கு எங்க போறது? ரெண்டு தடவை ஏறிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்ல இருக்கேன்"னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ஆறு மாசமும் கோயிலுக்குக் கூட அந்த வண்டியில வரல. நல்லா சொல்றேன், ரெண்டு சக்கர டிரைவ் எடுங்க. பாடி கணிசமாத் தாழ்வா இருக்கும். பிக் பெண்ட்ல தார் ரோடு, நல்ல மண் ரோடுன்னு சுத்தறதுக்கு அது போதும்.

ஏசியும் பாருங்க. இந்த வண்டிங்கள்ல காத்து டாஷ்போர்டுலேர்ந்து மட்டும்தான் வரும், பின் சீட்டுக்குன்னு தனியா குழாய் கிடையாது. ஆகஸ்ட் மாசம் ரெண்டு மணி வெயில்ல பின்னாடி பாட்டியும் பிள்ளைங்களும் உக்காந்திருக்கறதை நெனச்சுப் பாருங்க. 1994-க்கு முன்னாடி வந்ததுல பழைய ஆர்-12 வாயு இருக்கும். அதோட உற்பத்தியை இந்த நாட்டுல 1995 கடைசியோட நிறுத்திட்டாங்க. மாத்தி வெச்சிருக்காங்களா, குளிருதான்னு வெயில்ல ஓட்டிப் பாருங்க.

#10 பாலாறு_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சனிக்கிழமை ரெண்டு வண்டி பாத்துட்டு வந்தோம், குடும்பத்தோட.

முதல் வண்டி நான் ஆசைப்பட்ட காலத்துது, 70-களோட கடைசி. ரெண்டு கலர், வெள்ளையும் கபிலமும். சாவியைத் திருப்பினதும் பிடிச்சுது, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. ஸ்கார்பரோ அண்ணன் சொன்னபடி காந்தம் கொண்டு போயிருந்தேன். வலது பக்கக் கேபின் மூலையில ஒட்டல. பின்னாடி ரப்பர் பாயைத் தூக்கினேன். சணல் மெத்தை ஈரம், அழுக்குத் துணி வாடை. அதையும் விலக்கிட்டு ஸ்குரூ டிரைவரை வெச்சு லேசாத்தான் அழுத்தினேன், பொருக்குன்னு சின்னதா ஒரு சத்தம், கைப்பிடி வரைக்கும் இறங்கிடுச்சு. ஓட்டை வழியா கீழ புல் தெரிஞ்சுது. வித்தவர் நல்ல மனுஷன், அவருக்கே தெரியாது போல, பக்கத்துல மண்டி போட்டு அவரும் குனிஞ்சு பாத்தார்.

அதை விட மனைவி செஞ்சதுதான். எங்க வேன்லேர்ந்து பொண்ணோட பூஸ்டரை எடுத்துட்டு வந்து பின் சீட்டுல வெச்சா. சீட் இடுக்குல கையை விட்டு பெல்ட்டை இழுத்தா. கெட்டியா, சூடு பட்ட நாடா மாதிரி விறைச்சுக்கிட்டு வந்துச்சு, இடுப்புக்கு மட்டும். தோளுக்குப் பக்கத்துல வெறும் தகரத்தைத் தடவிட்டு என்னைப் பாத்தா. ஒண்ணும் சொல்லல. பூஸ்டரைத் திருப்பி எடுத்துட்டுப் போய் வேன்ல வெச்சுட்டா.

ரெண்டாவது 1995 ஃபோர்டு எஃப்-350, நாலு கதவு, பின்னாடி ரெண்டே சக்கரம், ரெண்டு சக்கர டிரைவ். 7.5 லிட்டர் பெட்ரோல், ஸ்டியரிங்ல கியர், ஓவர்டிரைவ் உள்ள ஆட்டோமேட்டிக். அமரில்லோ பக்கம் முதல்லேர்ந்து ஒரே குடும்பம் வெச்சிருந்தது. கதவுத் தூண் லேபிள்ல மொத்த எடை 10,000-க்குக் கீழ. பின்னாடி ரெண்டு ஓரமும் தோள் பெல்ட், நடுவுல இடுப்புப் பெல்ட். தரை காய்ஞ்சு கிடக்கு. டாஷ்போர்டு வெடிச்சிருக்கு. கூரைத் துணி தொங்குது.

அம்மாவும் வந்திருந்தாங்க. தரையிலேர்ந்து கதவடிப் படி வரைக்கும் டேப் வெச்சேன், ரெண்டடிக்கு ஒரு அங்குலம் கம்மி. ஒரு செங்கல் உயரத்துக்குப் பலகை போட்டுக் குடுத்தப்புறம் கைப்பிடியைப் பிடிச்சு ஏறி உக்காந்துட்டாங்க. "பஸ்ஸு மாதிரி இருக்குடா"ன்னாங்க. பக்கவாட்டுல படி மாட்டினா தானே ஏறிடுவாங்க.

எல்லாம் சரியா இருக்கு. ஆனா இது பழைய வண்டிதானா? அதான் மனசுல ஓடிட்டிருக்கு.

#11 நாகை_நாதன்

என் கருத்து, இல்லை. 1995 எல்லாம் வயதான வண்டி, அவ்வளவுதான். குரோம் கிரில், மெல்லிய தூண்கள், இரும்பு டாஷ்போர்டு, இவை இருந்தால்தான் அந்தக் காலத்து வண்டி. காசு குறைவாகக் கொடுத்து மனத்திருப்தி இல்லாமல் ஓட்டுவதைவிட, காத்திருந்து ஆசைப்பட்டதை வாங்குங்கள். நான் பத்து வருடம் காத்திருந்து 1966 வாங்கினேன். அதில் குழந்தைகளை ஏற்றுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

#12 கொங்கு_டெக்சன்

நாதன் அண்ணா, உங்க 66-ஐப் படத்துல பாத்திருக்கேன், கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா தம்பி கேக்கறது குழந்தைகளை ஏத்திட்டுப் போறதுக்குங்களே.

அந்த 95-ஐ எடுத்துக்குங்க. முன் மூஞ்சியும் டாஷ்போர்டும் மாறியிருக்கு, கேபின் 1980-ல வந்த அதே கேபின். அந்த உருவம் எஃப்-350-ல 1997 வரைக்கும் வந்துச்சு. சதுர மூலை, நட்டமான கண்ணாடி, முன்னாடி சக்கரங்களைத் தாங்கற இரட்டை ஐ-பீம் இரும்பு. செவர்லேலயும் இப்படித்தான், சதுர பாடி நாலு கதவு 1991 வரைக்கும் வந்து, 92-லதான் புது உருவம். டெக்சஸ் அரசாங்கத்துக்கு 25 வருஷம் ஆனா பழசு. ஆனா நம்பர் பிளேட் விஷயத்துல ஏமாந்துடாதீங்க தம்பி. "ஆன்டிக்" பிளேட் போட்டா கண்காட்சி, ஊர்வலம் மாதிரிதான் ஓட்டலாம், குடும்பத்தோட பிக் பெண்ட் போக முடியாது. சாதாரணமா ஓட்டணும்னா "கிளாசிக்" பிளேட், இல்ல வழக்கமான பிளேட். பாதுகாப்புச் சோதனை 2025 ஜனவரியிலேர்ந்து சொந்த வண்டிங்களுக்கு எடுத்துட்டாங்க. ஹூஸ்டன் இருக்கற ஹாரிஸ் கவுண்டியில நடக்கற புகைச் சோதனை 24 வருஷம் வரைக்குமான வண்டிக்குத்தான். அரசாங்கம் பாக்கறதில்லைங்கறதால பிரேக்கை நீங்களே ஒரு நல்ல மெக்கானிக்கிட்ட காட்டிக்குங்க. முன்னாடி டிஸ்க், பின்னாடி ட்ரம். ட்ரம்மைக் கழட்டி உள்ள எண்ணெய் கசிஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

#13 வெல்டிங்_பட்டறை

7.5 பெட்ரோல் எஞ்சின் நல்ல எஞ்சின். கேலனுக்கு 8-லேர்ந்து 11 மைல், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ரெண்டு டேங்கும் சேர்த்து 35 கேலனுக்கு மேல பிடிக்கும். டீசல்னா 7.3 லிட்டர் இன்னும் தூரம் போகும், இழுக்கும். ஆனா அந்தச் சத்தத்துல பின் சீட்டுல இருக்கற குழந்தை கேக்கற கேள்வி முன்னாடி வராது. வாரக் கடைசி வண்டிக்கு பெட்ரோலே சரி.

இன்ஜெக்‌ஷன் உள்ள ரெண்டு டேங்க் வண்டியில ஒண்ணு பாக்கணும். எஞ்சின் எரிக்காத பெட்ரோல் திரும்பி டேங்குக்கே போகும். நடுவுல இருக்கற வால்வு கெட்டா, ஒரு டேங்கிலேர்ந்து எடுத்து இன்னொண்ணுல திருப்பி விடும். அது ஏற்கெனவே நிறைஞ்சிருந்தா மூடி வழியா வழியும். ஒரு டேங்கை முழுசா நிரப்பிட்டு, இன்னொண்ணுல அரை மணி நேரம் ஓட்டிட்டு முள்ளைப் பாருங்க.

முன் சக்கர ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் மாத்திட்டு அலைன்மென்ட் பண்ணுங்க. ஐ-பீம் முன்பக்கத்துல புஷ் போனா டயரை ஒரு பக்கமாத் தின்னும்.

#14 பாலாறு_பையன்

வாங்கிட்டோம். அந்த 95.

டேங்க் சோதனை பண்ணினேன், முள் ஏறல. பின் ட்ரம் ரெண்டும் காய்ஞ்சு சுத்தமா இருந்துச்சு. டயர் நாலும் 2013, நாலையும் மாத்திட்டேன். முன் புஷ் மாத்தியாச்சு.

குழந்தை சீட் பொருத்தறதுல சான்று வாங்கின ஒருத்தரைத் தேடிப் போனேன். காசு வாங்கல. கார் சீட்டைக் கீழ் கொக்கியில மாட்டற வசதி 2002 செப்டம்பருக்கு அப்புறம் வந்த வண்டிங்களுக்குத்தான் கட்டாயம், இதுல கிடையாது. நடு பெல்ட்டை முறுக்கில்லாம உள்ள விட்டு, சீட்ல தன் முழங்காலை வெச்சு அழுத்திக்கிட்டு, என்னை இழுக்கச் சொன்னார். பெல்ட் போற இடத்துல பிடிச்சு ஆட்டினா ஒரு அங்குலத்துக்கு மேல அசையக்கூடாது. மூணாவது தடவைதான் வந்துச்சு. மேல் வார் மாட்டற கொக்கியும் பின் சுவர்ல இல்ல. எங்க கார் சீட் புத்தகத்தை அவர் முன்னாடியே படிச்சோம், மேல் வார் இல்லாமலும் பொருத்தலாம்னு அதுல இருக்கு. இருந்தாலும் அந்தக் கொக்கி கம்பெனிப் பொருளாக் கிடைக்குதான்னு தேடச் சொல்லியிருக்கார்.

இந்த ஞாயித்துக்கிழமை ஆறு பேரும் கயல் அம்மா சொன்ன மாதிரியே உக்காந்து பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். அப்பா ஜன்னல் பக்கம், கை வெளிய. பொண்ணு தோள் பெல்ட்டைத் தானே மாட்டிக்கிட்டு, "இதுல கண்ணாடியை யார் சுத்தறது, நானா?"ன்னு கேட்டா. அதுல பட்டன்தான், கை சுத்தல் இல்ல. கொஞ்சம் ஏமாந்துட்டா, நானும்தான். வழியெல்லாம் பின்னாடி தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தா.

ஒரே குறை, மருமகள் அக்கா சொன்னதேதான். முன்னாடி ஜில்லுனு இருக்கு. பின்னாடி அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது. என்ன பண்ணலாம்?

#15 மதுரை_மருமகள்

வாழ்த்துகள் தம்பி! படம் போடுங்க.

முதல்ல ஏசியை உள்காத்தையே சுத்தற மாதிரி வைங்க. வெளிக்காத்தை இழுத்தா டெக்சஸ்ல எந்தப் பழைய ஏசியும் தாங்காது. முன் சீட் முதுகுக்கு நடுவுல 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒண்ணு பிடிச்சு, டாஷ்போர்டு நடு காத்தைப் பின்னாடி தள்ள விடுங்க. கம்பி தொங்காம, குழந்தை கைக்கு எட்டாம மாட்டணும். பின் கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் சட்ட அளவுக்குள்ள கறுப்புத் தாள் ஒட்டுங்க.

அதை விட முக்கியம் தரையும் கூரையும். எங்க வீட்டுக்காரர் தரையில அலுமினியப் பூச்சு உள்ள வெப்பத் தடுப்புத் தாள் ஒட்டினார், எஞ்சின் சூடும் புகைக் குழாய் சூடும் பாதியாக் குறைஞ்சுது. உங்களுக்குக் கூரைத் துணி தொங்குதுன்னு சொன்னீங்க இல்ல, எப்படியும் அதை இறக்கித்தான் ஆகணும். இறக்கற அன்னைக்கே மேல தகரத்துலயும் ஒட்டிடுங்க, அப்புறம் துணியைப் போடுங்க. அம்மா இருக்கும்போதே முடிச்சிடுங்க.